தொட்டிக்குப் போர்த்திய கம்பளி

போன மாதம் ஒரு காலையில், கேமரன் மலையில் இருக்கும் கம்போங் ராஜாவில் ஒரு தண்ணீர்த் தொட்டி கம்பளி போர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். நிஜக் கம்பளி... ரோஜாப்பூ போட்டது!

"செடிக்குக் குளிருமாம்லா. உங்க அண்ணன் போத்தி விடறாரு," என்றார் எலிசா அண்ணி.

தேவா அண்ணன் என் பெரியப்பா மகன். இருவரும் தேயிலைத் தோட்ட வேலையை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே லெட்டூஸ் கீரை போடுகிறார்கள். மண் கிடையாது. வரிசையாகப் பைப், பைப்பில் ஓட்டை, ஓட்டையில் செடி. தொட்டியிலிருந்து உரம் கலந்த தண்ணீர் வேர்களை நனைத்துக்கொண்டே சுற்றி வரும். பார்க்க அழகுதான்.

ஆனால் மத்தியானம் ஆனதும் அத்தனை செடியும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. முந்தின விளைச்சலும் இப்படித்தான் போயிற்றாம். இதுவும் போனால் நிலத்தை விட்டுவிட்டு மலையிறங்கி, ஷா ஆலாம் நகரத்தில் மகன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அந்த வேக்காட்டுல நான் செத்துருவேன்மா," என்று சிரித்தார் அண்ணி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. நிழல் வலை கட்டினார், ஃபேன் வைத்தார், இலைக்குத் தண்ணீர் தெளித்தார். "கேமரன்லலா இருக்கோம், இங்க என்ன சூடு?" என்று புலம்பல் வேறு. குளிர் ஊர்க்காரர்களுக்கு இந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகம் — வேர்த்து ஊற்றினாலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார்கள்!

ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தேன். வேர் பழுப்பாக, கொழகொழவென்று கையோடு வந்தது. கை கழுவத் தொட்டிக் குழாயைத் திறந்தால்... குளிக்கலாம் போல இதமான சூடு!

ரிங்லெட் ஊர் உரக்கடைக்காரருக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் அவர் கேட்ட முதல் கேள்வியே, "தண்ணி சூடா இருக்கா அண்ணே?"

"கொஞ்சம் வெதுவெதுன்னு..."

"அதான்லா! இலை ஓரளவு வெயில தாங்கிக்கும். வேரு தாங்காது. சூட்டுத் தண்ணில காத்து கொறைஞ்சு போயிரும், வேருக்கு மூச்சு முட்டும். அப்புறம் அழுகல்தான். மொதல்ல தொட்டிய நெழலுக்கு மாத்துங்க."

கறுப்புத் தொட்டி. வெயில் முழுசாக விழும் மூலை. பின்னால் நல்ல நிழல் சும்மா கிடக்கிறது. போதாததற்கு ராத்திரிக் கம்பளி!

"ஏங்க தொர, செடிக்குக் குளிரும்னுதானே சொன்னீங்க?" அண்ணிக்குக் கோபம் வந்தால் புருஷன் துரை ஆகிவிடுவார்.

அண்ணன் குனிந்து பைப்பைத் துடைக்க ஆரம்பித்தார். "செடிக்கு இல்ல... ஒனக்கு. காலைல கழுவறப்ப வெரல் மரத்துப் போவுதில்ல?"

தினமும் விடிந்ததும் அந்தத் தண்ணீரில் கைவிட்டு, பைப்பில் படியும் பாசியைக் கழுவுவது அண்ணிதான். மலைத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். தேயிலை பறித்துப் பறித்து வீங்கிப்போன விரல்கள் அவருக்கு. வலிக்கிறது என்று அவர் சொன்னதில்லை. வலிக்கிறதா என்று அண்ணன் கேட்டதும் இல்லை. தொட்டியை வெயிலில் வைத்து, சூடு போகாமல் போர்த்தி விட்டிருக்கிறார்!

திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டார் அண்ணி. "கிறுக்கு மனுசா," என்று மட்டும் சொன்னார்.

நாமும் இப்படித்தானே? வீட்டில் ஒருவர் வாடினால் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறோம், ஃபேன் போடுகிறோம். காலடியில் என்ன சுடுகிறது என்று யார் பார்க்கிறோம்? அதுவும் நம் பாசமே சுட்டுக்கொண்டிருந்தால்...

அன்றே தொட்டியைக் காலி செய்து நிழலுக்கு உருட்டினோம். வெள்ளைச் சாக்கு சுற்றி, மலைத் தண்ணீர் நிரப்பினோம். அழுகிய செடிகள் குப்பைக்குப் போயின. பைப்புகளைத் தேய்த்துக் கழுவிப் புது நாற்று வைத்தார்கள். கம்பளி மறுபடி கட்டிலுக்குப் போனது.

நேற்று அண்ணியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. லெட்டூஸைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் — வேர் வெள்ளை வெளேர்! பக்கத்தில் ஒரு பெரிய ப்ளாஸ்க். கூடவே வாய்ஸ் மெசேஜ்: "ஷா ஆலாம் போகலம்மா. கழுவி முடிச்சதும் கைய முக்கிக்கச் சொல்லி, தொர இப்ப தனியா சுடுதண்ணி கொண்டாந்து வைக்கிறாரு."

பாசத்தை ப்ளாஸ்க்கில் ஊற்றி வையுங்கள்... தொட்டியில் வேண்டாம்!