ஏழுமலை நம்பிய சத்தியம்

ஏழுமலை இறந்துவிட்ட செய்தி, நம் முன்னாள் படைவீரர்கள் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே வந்தது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் பட்டா விஷயமாக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். படித்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. 'அப்பாடா, இனிமேல் சொல்ல வேண்டியதில்லை' என்ற நிம்மதிதான் வந்தது. அடுத்த நிமிடமே அந்த நிம்மதியை நினைத்து உடம்பு கூசியது. வரிசையை விட்டு வெளியே வந்து, மரத்தடியில் நின்ற யாரோ ஒருவரின் பைக்கில் சாய்ந்துகொண்டேன்.

உங்களில் பலர் அவரை 'மூத்திர ஹவில்தார்' என்ற கேலிப் பெயரில்தான் அறிவீர்கள். அந்தப் பெயரை வைத்தவனே நான்தான். ராஜஸ்தான் எல்லையில் பல மாதங்கள் முகாமிட்டிருந்தோமே, அப்போது அவர் சுகாதார ஹவில்தார், நான் கம்பெனி ஹவில்தார். இருவரும் ஒரே வயது, ஒரே ஊர்ப்பக்கம். தண்ணீர் வண்டியில் குளோரின் பார்ப்பது, கழிப்பிடக் குழிக்கு மண் போடவைப்பது, யாருக்குப் பேதி, யாருக்குத் தலைச்சுற்றல் என்று தினமும் எழுதிவைப்பது எல்லாம் அவர் வேலை. "வந்த நோயைப் பாக்கறவரு டாக்டரு. வராத நோயைப் பாக்கறவன் நானு. அதனாலதான் எனக்கு எவனும் சலாம் போட மாட்டேன்றான்" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

அந்த வெயிலில் ஜவான்கள் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். தண்ணீர் சுட்டது, மருந்து நாற்றம் வேறு. குடித்தால் கொதிக்கிற மணலில் கழிப்பிடம் வரை நடக்க வேண்டும். ஏழுமலை இதைக் கண்டுபிடித்து ஒரு காரியம் செய்தார். டீ டிக்காஷனைத் தண்ணீரில் கூடவும் குறையவும் கலந்து, ஐந்து கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, கழிப்பிடத் தட்டிக்கு முன்னால் வரிசையாக வைத்தார். வெளிர் மஞ்சள் ஒன்றாம் நம்பர், கருப்பட்டி நிறம் ஐந்தாம் நம்பர். ஒவ்வொருவனும் காலையில் தன் மூத்திரம் எந்தப் புட்டியின் நிறம் என்று பார்த்து நம்பர் சொல்ல வேண்டும்; நிறம் கூடினால் உடம்பில் தண்ணீர் குறைவு. கம்பெனி ஹவில்தார் அதைக் கேட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். "தாகம் எடுத்தப்புறம் குடிச்சா லேட்டுயா" என்று கூடாரம் கூடாரமாகச் சொல்லிக்கொண்டு போவார்.

எனக்கு அது அவமானமாக இருந்தது. மீசை வைத்த ஆளைப் பார்த்து, காலையில் மூத்திரம் என்ன நிறம் என்று கேட்பதா? மூன்று நாள் கேட்டேன். நான்காம் நாளிலிருந்து கூடாரத்தில் உட்கார்ந்தபடியே ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் போனதும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இன்னாயா சம்பத்து, உன் கம்பெனில மட்டும் ஒருத்தனுக்குக் கூட மூணு வரல? நெஜமா கேட்டியா?"

"கேட்டேன்யா."

"நூறு பேருக்கு ஒரே மாதிரி இருக்காதே. நாளைக்கு நானே வந்து பாத்துடறேன்."

மாட்டிக்கொள்வேன் என்று பயந்துபோய், "அண்ணாமலையார் மேல சத்தியமா கேட்டேன்" என்றேன். வேறு ஊர்க்காரனாக இருந்தால் அந்தச் சத்தியத்துக்கு மசிந்திருக்க மாட்டான். அவர் பதிவேட்டை மூடினார். "அப்போ சரி" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வேறு கம்பெனியைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தச் சத்தியம் செய்த நான்காம் நாள், பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்த என் ஜவான் ஒருவர் சுருண்டு விழுந்தார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். உயிர் தப்பினார், ஆனால் சிறுநீரகம் கெட்டுவிட்டது. படையில் இனி இருக்க முடியாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாளாக ஐந்தாம் நம்பர், யாரும் கேட்கவில்லை என்று அவர் ஆஸ்பத்திரியில் ஏழுமலையிடம் சொல்லியிருக்கிறார். விசாரணையில் ஏழுமலை என் பெயரை எடுக்கவே இல்லை. "நேர்ல போய்ப் பாக்காதது என் தப்பு சார்" என்றார். நான் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தேன். அவருக்குத் தண்டனைக் குறிப்பு விழுந்தது. ஹவில்தாராகவே ஓய்வு பெற்றார். நான் நாயப் சுபேதார் ஆனேன்.

ஓய்வுக்குப் பின் அவர் அடி அண்ணாமலையில் குடியிருந்தார். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதைத் தண்ணீர்ப் பந்தல்களில், யாரும் அழைக்காமலே, சொட்டு மருந்து விட்டுக் குளோரின் பார்ப்பார். ஒருமுறை எங்கள் குடும்பம் போட்டிருந்த பந்தலுக்கும் வந்தார்.

"கம்மியா இருக்குது. இன்னும் கொஞ்சம் போடு" என்றார். போகாமல் நின்றார். "வேற ஒன்னும் இல்லியே சம்பத்து?"

"ஒன்னும் இல்லியே" என்று பேப்பர் டம்ளர்களை அடுக்கத் தொடங்கினேன். அவர் கூட்டத்தோடு போய்விட்டார்.

நம் இரங்கல் கூட்டத்தில் என்னைத்தான் பேசச் சொன்னீர்கள். கணீரென்று பேசினேன். நேர்மையானவர், கடமை தவறாதவர் என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இறங்கிவிட்டேன். மறுநாள் மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சாந்தி காபி கொடுத்துவிட்டு, தானாகவே பேச்சை எடுத்தார்.

"அந்த முகாம்ல யாரோ பொய்யா எழுதினதாலதான் இவருக்கு ப்ரமோஷன் போச்சுங்ணா. யாருன்னு எத்தினியோ தடவ கேட்டுட்டேன். பேரே சொல்ல மாட்டாரு."

"என்னாதான் சொல்வாரு?"

"நம்ம ஊர்க்காரன்தான், நல்லவன்தான், பயந்துட்டான். அவனே ஒருநாள் வந்து சொல்வான்னு சொல்வாரு. படுக்கைல விழுந்தப்புறம் வாசல்ல எந்த வண்டி நின்னாலும், யாரு வந்ததுன்னு கேப்பாருங்ணா."

"அது நான்தாம்மா" என்றேன்.

சாந்தி என் காபி டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். பிறகு, "அவரு இருக்கறப்பவே வந்து சொல்லியிருக்கலாமேணா" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

நண்பர்களே, பொய் எழுதியவன் நான். அவர் பெயரில் விழுந்த குறை என்னுடையது. இதை நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் என்னை இரண்டு முறை நம்பினார். நான் செய்த சத்தியத்தை நம்பினார். அது பொய் என்று நான்கே நாளில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும், நானே வந்து சொல்வேன் என்று நம்பினார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த இரண்டாவது நம்பிக்கைதான். அவர் உயிரோடு இருக்கும்வரை நான் போகவில்லை; அதுவும் பொய்த்துவிட்டது என்று தெரியாமலே போய்விட்டார்.