தண்ணீர் ஏற்றவில்லை என்று சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த வாரத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளையைத் தாண்டி ஒரு உப்பங்கழிக் கரையில் நடந்தது இது. யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை. பாதியைச் சொல்லிவிட்டு, எனக்குச் சாதகமான இடத்தில் நிறுத்திக்கொள்வேன். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். இன்று மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தவர். விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு பழைய வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றுவது. அதன் பின்னால் சின்ன ஃபைபர் படகு ஒன்றை ட்ரெய்லரில் மாட்டி இழுத்துப் போவது. வெளியூர்க் குடும்பங்களை அழைத்துப் போய் சுரபுன்னைக் காட்டைச் சுற்றிக் காட்டுவது. கையில் வந்த பணம் மொத்தமும் அதற்குள் போனது. வீட்டை விட்டுவிட்டு வண்டியில் குடித்தனம் பண்ணப் போகிறாயா என்று என் தம்பிகூடக் கிண்டலடித்தான். நான் மட்டும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. காரணம் அந்த பாத்ரூம்.

சிரிக்காதீர்கள். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரத்துக்கு இருபது வருடம் பஸ்ஸில் போய் வந்து கிளார்க் வேலை பார்த்தவள் நான். ஆபீசில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. அதற்கு ஒரு பூட்டும் இருந்தது. சாவி மேனேஜர் மேஜையில். எல்லோர் முன்னாலும் போய்ச் சாவி கேட்க வெட்கப்பட்டு, காலையில் தண்ணீரே குடிக்காமல் கிளம்பிப் பழகினேன். வருடத்துக்கு இரண்டு முறையாவது நீர்க்கடுப்பு வந்து, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவிப்பேன். அதனால் கேரவனின் உள்வேலை நடந்தபோது, மற்றதில் எப்படி வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், பாத்ரூமில் மட்டும் கைவைக்காதீர்கள் என்று கூடவே நின்று செய்ய வைத்தேன். வெள்ளைச் சுவர், எவர்சில்வர் குழாய், சின்னதாக ஒரு கண்ணாடி. எங்கள் வீட்டு பாத்ரூமைவிட நன்றாக இருந்தது.

படகை இழுப்பதைவிட அதைத் தண்ணீரில் இறக்குவதுதான் பெரிய வித்தை. ட்ரெய்லரோடு பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் இடது பக்கம் போகும். என் கணவர் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, மஞ்சக்குப்பம் மைதானத்தில் விடியற்காலையில் பழகினார். வாக்கிங் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு வாரத்தில் கோணாமல் எடுக்க வந்துவிட்டது. முதல் விருந்தினர்கள் ஒரு பெங்களூர்க் குடும்பம். அவர்கள் வருவதற்கு முதல் நாள், ஒத்திகை பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். அந்த ஒத்திகை சொதப்பினால் எங்கள் பிழைப்பே சொதப்பின மாதிரி.

கரையில் அவருக்குத் தெரிந்த ஒருவருடைய இடம் இருந்தது. அந்த இடத்துக்காரர் அங்கே இருந்த முள்ளுக்காட்டை அழித்து, தண்ணீர் வரைக்கும் சரிவாக ஒரு சிமெண்ட் தளம் போட்டிருந்தார். நாங்கள் போனபோது தண்ணீர் வற்றியிருந்தது. சிமெண்ட் முடியும் இடம் வெளியே தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் ஏழெட்டுப் பெண்கள் கழுத்து வரை தண்ணீரில் அமிழ்ந்து உட்கார்ந்து, அடிச் சேற்றைக் கைகளால் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது. கழுத்தில் ஓலையால் முடைந்த ஒரு பறி தொங்கும், பிடித்ததை அதில் போடுவார்கள். மணிக்கணக்கில் அப்படியே தண்ணீரில் கிடக்கிறார்கள்.

என் கணவர் படகின் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்களில் சிலர் கரையேறி வந்தார்கள். வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருத்திக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். கலகலவென்று பேசினாள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்டாள். கட்டில், அடுப்பு, பிரிட்ஜ் என்று நானும் பெருமையாக அடுக்கினேன். பாத்ரூமையும் விடவில்லை. எவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டினோம் என்று சொன்னேன். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, மூணு நாளா நீர்க்கடுப்பு. உப்புத் தண்ணியிலயே நிக்கிறோமில்ல. முன்னல்லாம் இங்க முள்ளுக்காடு இருந்துது, ஒதுங்கிக்குவோம். இப்ப எல்லாம் வெட்டவெளியாப் பூடுச்சு. ஒரு நிமிசம் உள்ள போயிட்டு வந்துடட்டுமா?"

"அதுல இன்னும் தண்ணி ஏத்தலம்மா" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அன்று காலையில்தான் வீட்டு வாசலில் ஹோஸ் பைப் போட்டு டேங்க் வழிய வழிய நிரப்பியிருந்தோம்.

ஏன் சொன்னேன்? அவள் காலெல்லாம் சேறு, நாளைக்கு விருந்தினர் வருகிறார்கள், மறுபடி தேய்த்துக் கழுவ வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. அவள் யார், எந்தக் குடியிருப்பிலிருந்து வருகிறாள் என்பது பார்த்தவுடனே எனக்குத் தெரிந்திருந்தது. மேடையில் ஏற்றினால் சமத்துவம் பற்றிப் பத்து நிமிடம் பேசுவேன். அந்தப் பேச்செல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

அவள் சரிங்கக்கா என்று தலையாட்டினாள். முகம் கோணவில்லை. வண்டியின் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றிருந்தாள். பிறகு என் கணவரிடம் போய், "சார், இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்துக்கங்க. தண்ணி ஏறட்டும். சிமெண்ட்டுக்கு அப்பால இடுப்பளவு சேறு, நாங்க தெனமும் மிதிக்கிற எடம்" என்றாள்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாங்க பாத்துக்கறோம்மா, நீ ஒன் வேலையப் பாரு" என்றார்.

அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நான் பின்னால் நின்று வரலாம், வரலாம் என்று கை காட்டினேன். ட்ரெய்லர் தண்ணீருக்குள் போனது. படகு மிதக்க ஆழம் போதவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நானே கை காட்டினேன். சிமெண்ட்டின் விளிம்பைத் தாண்டியதும் ட்ரெய்லர் சேற்றில் புதைந்தது. அது இழுத்த இழுப்பில் கேரவனின் பின்சக்கரங்களும் தடால் என்று கீழே இறங்கின. முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. அவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி பறித்ததுதான் மிச்சம்.

அதே நேரத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. கழியில் தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வண்டி கொஞ்சம் கூடுதலாக மூழ்கியிருந்தது. சைலன்சர் மறைந்தது. அடுத்தது பின்கதவு. உள்ளே கட்டிலுக்கு அடியில் பேட்டரிகள், ஒயர்கள், அவருடைய முப்பது வருட உழைப்பு. ட்ரெய்லரைக் கழற்றிவிட்டால் வண்டியை இழுத்துவிடலாம். ஆனால் கொக்கியில் மாட்டியிருந்த இரும்புப் பின், கலங்கிய தண்ணீருக்கு அடியில் சேற்றுக்குள் இருந்தது. அவர் முழங்கை வரை கைவிட்டுத் துழாவினார். கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் சாவு விழுந்தபோதுகூட அழாதவர், வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பெண்கள் அவர்களாகவே வந்தார்கள். பக்கத்துப் படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஆண்களை ஒருத்தி சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். கயிறு வந்தது. என்னிடம் கேட்டவள்தான் பறியைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் முங்கினாள். நான்கைந்து முறை முங்கி எழுந்திருப்பாள். மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் இறாலையே விரலால் கண்டுபிடிக்கிற கை. பின்னைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் இழுவையில் அது இறுகிக் கிடந்தது. அவள் அவசரப்படவில்லை. ஏறும் தண்ணீர் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. படகு மேலே எழும்பினால் கொக்கி தளரும் என்று கணக்குப் பண்ணி, ஒரு கையால் ட்ரெய்லரைப் பிடித்தபடி காத்திருந்தாள். வண்டி இன்னும் ஒரு அடி சரிந்திருந்தால் அவள் அதற்கு அடியில்தான். வேண்டாம், வந்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வண்டியும் வேண்டுமே.

படகு ஒருமுறை எழும்பியது. அவள் முங்கினாள். எழுந்தபோது கையில் பின் இருந்தது, உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

ஆண்களும் பெண்களுமாக இருபது பேர் கயிற்றை இழுத்தார்கள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிச் சிமெண்ட்டின்மேல் ஏறியது. அந்த விளிம்பில் இடித்து, அடியிலிருந்த தண்ணீர்க் குழாய் பிய்த்துக்கொண்டது. டேங்க் தண்ணீர் மொத்தமும் கொட்டத் தொடங்கியது. கண்ணாடி மாதிரி தெளிந்த நல்ல தண்ணீர், சரிவு முழுக்க ஓடியது.

"அடடா! காலையிலதான் ஃபுல்லா ரொப்புனேன்!" என்று என் கணவர் தலையில் கைவைத்துக் கத்தினார்.

அந்தப் பெண்கள் ஓடிவந்து அந்தத் தண்ணீரில் முகம், கை, கால் எல்லாம் கழுவிக்கொண்டார்கள். ஒருவர்மேல் ஒருவர் இறைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு முறை. பிறகு குனிந்து கையிலிருந்த ரத்தத்தைக் கழுவினாள்.

நான் பக்கத்தில் போய், வாம்மா, இப்ப உள்ள போயிட்டு வா என்றேன். அதைச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்ததோ.

"வேணாங்க. ஒடம்பெல்லாம் சேறு, ஒங்க வண்டி கெட்டுப்பூடும்" என்று சொல்லிவிட்டுப் பறியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அதுவரை என்னை அக்கா என்றவள், அதன் பிறகு அக்கா என்று சொல்லவில்லை.

படகையும் ட்ரெய்லரையும் அவர்களே வெளியே எடுத்துக் கொடுத்தார்கள்; ராத்திரியோடு ராத்திரியாகக் குழாயை மாற்றி, வண்டியைக் கழுவி முடித்தோம். மறுநாள் பெங்களூர்க் குடும்பம் வந்தது. பாத்ரூமைப் பார்த்து அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டார். இதெல்லாம் என் மனைவியின் யோசனை என்றார் என் கணவர். எனக்கு அங்கேயே தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இரவு அவரிடம் உண்மையைச் சொன்னேன். அதனால் என்ன, சுத்தபத்தம் பார்க்க வேண்டாமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

ஒரு மாதம் கழித்து, மனசு கேட்காமல், அவளைத் தேடித் தனியாகப் போனேன். கரையில் உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் தழும்பு நீளமாக இருந்தது. நீர்க்கடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அது வரும் போகும் என்றாள். அன்றைக்கு டேங்கில் தண்ணீர் இருந்தது, நான் உன்னிடம் பொய் சொன்னேன் என்றேன். குழாய் உடைந்தபோதே அவளுக்குத் தெரிந்த விஷயம்தானே, என் வாயால் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன்.

அவள் இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "எனக்கு அப்பவே தெரியுங்க. நீங்க சொல்லிட்டு அந்தாண்ட திரும்புனீங்க இல்ல, வண்டிக்கு அடியில குழாயி சொட்டிக்கினு இருந்துது. தாகமா இருந்துது, கையில புடிச்சுக் குடிச்சன். நல்ல தண்ணி."

தெரிந்துமா முங்கினாய் என்று கேட்டேன். அவள் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கேள்வியே புரியாதவள் மாதிரி பார்த்தாள்.

"வண்டி முழுகிக்கினு இருந்துது. அதுக்கும் இதுக்கும் என்னாங்க?"

மன்னிப்புக் கேட்கப் போனவள், கேட்காமலே திரும்பிவிட்டேன். அவள் தெரியாமல் உதவினாள் என்று நினைத்திருந்தவரை, என்றைக்காவது ஏதாவது செய்து இதைச் சரிக்கட்டிவிடலாம் என்று ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. என் பொய்யைக் குடித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் என் வண்டிக்கு அடியில் மூச்சடக்கிக் கிடந்தாள் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த நம்பிக்கையும் இல்லை.