குல்ஃபிக்கு நடுவே ஊசி

“பேசாம ரத்தம் ஏத்திரலாமா சிஸ்டரே?” என்று செல்வம் அண்ணாச்சி கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குச் ‘சாலை’ என்னும் கடைத்தெருவில் குல்ஃபி வியாபாரம், பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். மகள் மீனாவுக்கு ஏழு வயது. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாததால் வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ். அம்மாவின் கிட்னியை வைக்கலாம் என்று முடிவாகிக் காத்திருந்த நேரம் அது. நடுவில் வேற்று ரத்தம் ஏற்றினால், அவள் உடம்பு அந்தக் கிட்னியை ஏற்காமல் போகலாம்.

எங்கள் யூனிட்டில் குழந்தைகளின் அனீமியாவை, அதாவது ரத்தசோகையை, கவனிப்பது நர்ஸ்கள் பொறுப்பு. ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபாய்டின் ஊசியின் டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் புரோட்டோகால்படி என் வேலை. மீனாவுக்கு இரும்புச்சத்து சரி, காய்ச்சல் இல்லை, ரத்தக்கசிவும் இல்லை. டோஸ் கூட்டியும் ஹீமோகுளோபின் ஏழுக்கு மேல் ஏறவில்லை. ஊசி போட்டால் அழக்கூட மாட்டாள், கையை நீட்டிவிட்டு வாடிக் கிடப்பாள். அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

மருந்தை அண்ணாச்சியே மொத்தமாக வாங்கி வைத்து, வாரம் ஒன்றாக ஃபிளாஸ்கில் கொண்டுவருவார். ஓ.பி.யில் காத்திருந்து என்னிடம் வர மதியமாகிவிடும். ஒருநாள் ஹர்த்தால். கூட்டமே இல்லை. மீனாவோடு ஸ்கூட்டரில் வந்தவர் நேராக உள்ளே வந்துவிட்டார். சிரிஞ்சை அமுக்கினேன். நகரவில்லை. மருந்து கல்லாக உறைந்திருந்தது.

“அண்ணாச்சி, இத எங்க வச்சிருந்தீங்க?”

“நம்ம கடை ஃப்ரீசர்லதான். பிஸ்தா குல்ஃபிக்கும் மேங்கோ குல்ஃபிக்கும் நடுவுல. சாலைக் கடைத்தெருவுல அவ்ளோ தணுப்பு வேற எங்கயும் கிட்டாது, கேட்டோ!” முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“உறைஞ்சா மருந்து கெட்டுப்போகும் அண்ணாச்சி. மத்த நாள் மதியம் வரைக்கும் காத்திருக்கையில உருகிடும், அதான் தெரியல. இவ்ளோ நாளா பச்சத்தண்ணியத்தான் குத்தியிருக்கோம்.”

அவர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். “அய்யோ, எம் பிள்ளைக்கு நானே...” என்று கண் கலங்கினார்.

“அப்பா, மிச்ச ஊசிய குல்ஃபின்னு வித்துராதீங்க” என்றாள் மீனா.

புது மருந்து வீட்டு ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் குடியேறியது. அங்கிருந்த தோசைமாவு வெளியேற்றப்பட்டது. கூட்டிய டோஸை இறக்கி, பழைய அளவில் மறுபடி தொடங்கினோம்.

சில வாரம் கழித்து ஊசியோடு போனேன். மீனா வீறிட்டுக் கத்தி, என் வயிற்றில் விட்டாள் ஓர் உதை.

“எடீ, சிஸ்டர சவிட்டாத!” என்று அண்ணாச்சி பதறினார்.

“சவிட்டட்டும் அண்ணாச்சி. லேப் ரிசல்ட் எனக்கு இப்பவே வந்தாச்சு” என்றேன். சந்தோஷத்தில் வலியே தெரியவில்லை.

புதிதாக வரும் நர்ஸ்களுக்கு ஒன்று. டோஸைக் கூட்டும் முன், மருந்து எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அது சரியான பிறகு, குழந்தையின் கால் எட்டாத பக்கமாக நில்லுங்கள்.