வலிக்கிறது என்றால் கைதட்டச் சொன்ன டீச்சர்

சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். ஜீப் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். "ஆயா, உங்க பி.டி. டீச்சர் பூட்டாங்களாம். மாரடைப்பு" என்றான். கையில் பிடித்த முறம் அப்படியே நின்றுவிட்டது. நம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கிய சாந்தி டீச்சரைத்தான் சொன்னான். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள் நான். எழுத்தில் தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

ஓட விடுவதற்கு முன்னால் டீச்சர் பிள்ளைகளை உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொல்வார். "வலிக்குது" என்கிற பிள்ளைக்கு மற்றவர்கள் கைதட்ட வேண்டும். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஓட்டம் கிடையாது. நாங்கள் வேலியோரம் நின்று சிரித்தோம். நம் மலையில் வலி என்று வாய்விட்டுச் சொல்வதே கேவலம். புளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அடிவாரத்து அமிர்திக்கு இறங்கினவர்கள் நாம். "எங்க காலு இரும்பு டீச்சர்" என்றேன். "இரும்புக்கு வலிக்காது ஆயா. இந்தப் புள்ளைக்கு வலிக்குதே" என்றார்.

ஷூ விஷயத்தில் என் மானமே போயிற்று. இரண்டு வருஷம் உழைக்கட்டும் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி, முன்பக்கம் துணியை அடைத்து என் பேத்தி வெண்ணிலாவுக்குப் போட்டு அனுப்பினேன். டீச்சர் உள்ளே கையை விட்டு இழுக்க, என் பழைய ரவிக்கையின் கை வந்தது. "இன்னும் உள்ள இன்னா கீது ஆயா, சேலையா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "காலு உள்ள ஆடுச்சுன்னா கணுக்கால் பெரண்டுக்கும். அளவா வாங்குங்க."

அடுத்தது சொல்ல எனக்கே அருவருப்பாக இருக்கிறது. மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வெண்ணிலாவுக்கு முன்னெலும்பு வலி. டீச்சர் அவள் பெயரை எடுத்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்துக்கே போய்க் கத்தினேன். "பொறாமக்காரி! மலைப் புள்ள மேல வர்றது உனக்குப் பொறுக்கல" என்றேன். அவர் கோபப்படவில்லை. "மூணு வாரம் நிக்கட்டும் ஆயா, மூணு வருஷம் ஓடுவா" என்றார். நான் கேட்கவில்லை. எண்ணெய் போட்டு அழுத்தி அழுத்தி நீவிவிட்டு, என் கொழுந்தன் கோவிந்தனோடு கோயில் திருவிழா ஓட்டத்துக்கு அனுப்பினேன். தார் ரோடு, வெறுங்கால். முதலாவதாக வந்தாள். மறுநாள் அவளால் கால் ஊன்ற முடியவில்லை. எலும்பில் மயிரிழை போல விரிசல்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது டீச்சர்தான். "அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். எலும்பு கூடிய பிறகு முதலில் நடை, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மண் பாதையில் ஓட்டம் என்று அவளை மறுபடி நிறுத்தினார். போன வருஷம் மாவட்டத்தில் என் பேத்திதான் முதல். அதைச் சொல்ல நான் வெட்கப்பட மாட்டேன்.

அஞ்சலிக் கூட்டத்துக்குப் போனேன். டீச்சரை மாற்றச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிய அதே கோவிந்தன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, "மலைக்குக் கெடச்ச தெய்வம்" என்று கண்ணைத் துடைத்தான். அதோடு விட்டானா? டீச்சர் நினைவாக ஓட்டப் போட்டியாம். உச்சி வெயிலில், தார் ரோட்டில், சரிவில், மலை வழக்கப்படி வெறுங்காலில்! எல்லாரும் கைதட்டினார்கள். முதல் பெயர் வெண்ணிலா.

அவளோ ஒரு வாரமாகப் படியில் பக்கவாட்டில் இறங்குகிறாள். கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல ஆயா, டீச்சருக்காக ஓடறேன்" என்றாள்.

எழுந்து நின்றேன். "எம் புள்ள ஓட மாட்டா. பேர அடி."

"இன்னா அண்ணி, செத்தவங்களுக்கு இதான் மரியாதையா?"

"செத்தவங்க இருந்திருந்தா உன் பேரத்தான் மொதல்ல அடிச்சிருப்பாங்க. மத்த புள்ளைங்களையும் வெறுங்கால்ல தார்ல வுடாத."

"ஊரு புள்ளைங்க ஜெயிக்கறது பொறுக்கல இவளுக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. இன்னும் மூன்று வீட்டில் பெயரை எடுத்துவிட்டார்கள். உங்கள் பிள்ளை பெயர் இருந்தால் நீங்களும் எடுங்கள். வெண்ணிலா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பொறாமைக்காரி என்கிறார்கள். நான் டீச்சருக்குக் கொடுத்த பட்டம் அது. அதைச் சுமந்துகொண்டே அவர் எத்தனை பிள்ளைகளின் காலைக் காத்தார். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டதும் அதுதான். என் பேத்தியின் கால் ஆறும்வரை யார் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும்.