ஸ்டிக்கர் மேல் பூசிய சந்தனம்

காமயகவுண்டன்பட்டி பஸ் ஸ்டாப்பில் எங்களுக்குக் கூல்டிரிங்ஸ் கடை. பூமியைச் சூடாக்காத புது கேஸ் உள்ளது என்று சொல்லித்தான் அந்த ஃபிரிட்ஜை விற்றார்கள்.

நடுக்கோடையில் அது குளிராமல் போக, கம்பத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்தோம். வந்தவர் எதையும் பார்க்காமல், கம்ப்ரஸர் குழாயைக் கழற்ற வெல்டிங் டார்ச்சைப் பற்றவைத்தார்.

“இது புது கேஸுன்னு வித்தவுக சொன்னாகண்ணே” என்றேன்.

“இருவது வருசமாப் பாக்குறேன். எல்லா கேஸும் ஒண்ணுதான் ஆத்தா!” என்றார்.

குழாயில் மிச்சமிருந்த கேஸ் குப்பென்று பிடித்து, தீ அவர் முகத்துக்கே பாய்ந்தது. என் கணவர் ஐஸ் பெட்டி மேல் கிடந்த ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினார். புருவம் கருகியதோடு தப்பினார் மனிதர். வாய் மட்டும் அடங்கவில்லை.

“சனியன் புடிச்ச புது கேஸு! பழசுன்னா இப்பிடிப் பத்துமா?” என்றார்.

“தீப்பிடிக்கும்னு பின்னாலயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. கண்ண எங்கன வச்சிருந்தீக?” என்று கத்திக்கொண்டே விரலை நீட்டினேன். அங்கே ஸ்டிக்கர் தெரியவில்லை. ஆயுத பூஜைக்கு நானே அப்பிய சந்தனம் அதன்மேல் காய்ந்து கிடந்தது.

இப்போது பொட்டெல்லாம் கதவுக்குத்தான். ஸ்டிக்கரை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறவரைத்தான் ஃபிரிட்ஜைத் தொட விடுகிறேன். ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று ஆரம்பிக்கிற ஆளுக்கு வாசலோடு சரி.