நாலு மஞ்சள், ஒரு நீலம்

கோபம் வந்தால் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும் என்கிறார்கள். நான் எண்ணுவதில்லை. அதற்குள் மாடி ஏறிப் போய்ச் சண்டையை ஆரம்பித்திருப்பேன்.

போன ஞாயிறும் அதுதான் நடந்தது. காரணம் — ஒரு ரவுட்டர்.

முதலில் எங்கள் கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மந்தைவெளியில் ஒரு பழைய அபார்ட்மெண்ட். லிஃப்ட் கிடையாது. சுவரெல்லாம் கோட்டைச் சுவர். மொபைல் சிக்னல் வாசலோடு நின்றுவிடும். அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குத்தான் ஓட வேண்டும்.

அதனால் அசோசியேஷனே ஒரு இண்டர்நெட் கனெக்‌ஷன் வாங்கியிருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டி. அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் ஒயர். மாடிக்கு மாடி பொதுவாக ஒரு வைஃபை. எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட். வாசலில் இஸ்திரி போடும் குமாரிக்கும் அது தெரியும். குமாரிக்குத் தெரிந்த பிறகு தெருவில் மிச்சம் யார்?

நெட் நின்றுபோனால் எங்கள் கட்டடத்தில் ஒரு சடங்கு உண்டு. யாராவது கீழே போய் அந்தப் பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்வார்கள். அது கண் விழிப்பதற்குள் அடுத்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து மறுபடி ஆஃப் செய்து ஆன் செய்வார். அப்புறம் இன்னொருவர். இப்போதுதான் ஒருவர் செய்துவிட்டுப் போனார் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள். கோயில் மணி மாதிரி... அவரவர் கையால் அடித்தால்தான் திருப்தி.

இந்தப் பொது வைஃபை எங்கள் படுக்கையறைக்குள் வராது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கிவிட்டேன். மாட்டித் தரச் சொன்ன ஆள் “இதோ வந்துட்டே இருக்கேன் மேடம்” என்றார். எங்கிருந்து வருகிறாரோ! ஞாயிறு மத்தியானம்வரை வந்துகொண்டே இருந்தார்.

என் வீட்டுக்காரர் ஊரில் இல்லை. இருந்திருந்தால் என்னை அந்தப் பெட்டியைத் தொட விட்டிருக்க மாட்டார். நானே பிரித்தேன்.

பின்பக்கம் ஐந்து ஓட்டைகள். நாலு மஞ்சள், ஒரு நீலம். கையில் சுவரிலிருந்து வரும் ஒயர். எதில் மாட்டுவது? கூட வந்த காகிதத்தில் எழுத்து எறும்பு சைஸ். நாலு பேர் ஒரே மாதிரி இருக்கும்போது தனியாக நிற்கிற ஒருத்தன் மேல் எனக்கு எப்போதுமே சந்தேகம். மஞ்சளில் மாட்டினேன்.

விளக்கெல்லாம் எரிந்தது. வைஃபைக்குப் பெயர் கேட்டது. ‘தொடாதே’ என்று வைத்தேன். பாஸ்வேர்டும் லேசில் யாரும் கண்டுபிடிக்க முடியாத பாஸ்வேர்ட்.

நெட் மட்டும் வரவில்லை.

அதே நேரம் கீழே சத்தம். சடங்கு ஆரம்பித்துவிட்டது. யாரோ படி இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள், மறுபடி இறங்குகிறார்கள். சரி, கட்டடத்துக்கே நெட் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனில் ரவுட்டரின் ஆப்பைத் திறந்தேன். என் ரவுட்டரில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதில் காட்டும்.

என் போன் இருந்தது. நியாயம். அதற்குக் கீழே ‘ஸ்டெல்லா டேப்’. அதற்குக் கீழே ‘கார்த்திக் லேப்டாப்’. ‘வெங்கட்ராமன் டி.வி.’ பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு பெயர்கள் வந்து உட்கார்ந்தன.

எப்படி இருக்கும் எனக்கு? பாஸ்வேர்ட் போட்டுக் கை ஈரம் காயவில்லை. அதற்குள் மொத்தக் கட்டடமும் உள்ளே! எனக்கு நெட் வராததற்குக் காரணமும் புரிந்துவிட்டது. இத்தனை பேர் உறிஞ்சினால் எனக்கு எப்படி வரும்?

முதல் பெயர் ஸ்டெல்லா. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம் என்று மாடி ஏறினேன்.

ஸ்டெல்லா டீச்சர் எனக்கு நேர் மேல் வீடு. கணக்கு டீச்சர். என் வயசுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு தம்பி அருளைப் படிக்க வைத்து ஆளாக்கியது டீச்சர்தான். அவன் இப்போது இங்கிலாந்தில். போன மாதம் அவனுக்குக் குழந்தை பிறந்தது. டீச்சர் டிக்கெட் வாங்கி, பெட்டி கட்டி, பருப்புப்பொடிகூட இடித்துவிட்டார். கிளம்புவதற்கு முன்னால் பாத்ரூமில் வழுக்கியது. காலில் மாவுக்கட்டு. பயணம் அவ்வளவுதான்.

காலில் கட்டு என்பதால் கதவைத் தாழ் போடாமல் சாத்தி வைத்திருப்பார். தள்ளிக்கொண்டு நுழையும்போதே ஆரம்பித்தேன்.

“ஏன் டீச்சர், வேணும்னா வாயைத் திறந்து கேக்கறது! எதுக்குத் திருட்டுத்தனமா என் வைஃபைல நுழையறீங்க? கணக்கு டீச்சர்னா பாஸ்வேர்டைக்கூடக் கண்டுபிடிச்சிடுவீங்களா?”

அப்புறம்தான் பார்த்தேன்.

டீச்சர் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டுக் கால் ஸ்டூல் மேல். கையில் ஏற்றாத வெள்ளை மெழுகுவத்தி. எதிரே தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்த டேப். அதில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூக்கு சிவந்திருந்தது... டீச்சருக்கு.

“கத்தி முடிச்சிட்டியா மாலா?”

“இல்ல. இது என்ன பட்டுப் புடவை?”

“அருள் புள்ளைக்கு இன்னிக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். அங்க எனக்குப் பதிலா ஒரு பொண்ணு புள்ளையப் பிடிச்சுப்பா. ஆனா ஃபாதர் கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் நான் சொல்லணும்னு அருள் அவர்கிட்ட கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கான். நம்ம டயத்துக்கு நாலரைக்கு. நெட்டு செத்துப்போச்சு.”

சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபது.

“எங்க யார்கிட்டயும் ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன பண்ணுவீங்க? வரிசையா வந்து என் காலைப் பார்த்து உச்சுக் கொட்டுவீங்க. ‘ஐயோ, நேர்ல போக முடியலையே’ம்பீங்க. அதான்... கதவைச் சாத்திட்டு நானே பார்த்துக்கலாம்னு இருந்தேன்.”

சட்டென்று வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால் நான் உச்சுக் கொட்டத்தான் வாயைத் திறந்திருந்தேன்.

அதற்குள் என் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக் கார்த்திக் லேப்டாப்போடு வந்து நின்றான். ஐ.டி. பையன், வீட்டிலிருந்தே வேலை. பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு செகரெட்டரி வெங்கட்ராமன் மாமா.

“ஆத்துல டி.வி. ஓடலை. நானும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிண்டே இருக்கேன்” என்றார் மாமா.

விட்ட கோபம் திரும்பி வந்துவிட்டது. “எப்படி ஓடும்? எல்லாரும் என் ரவுட்டர்ல வந்து குடியிருந்தா? மாமா, உங்க டி.வி. பேருகூட இருக்கு. பாருங்க!” என்று போனை நீட்டினேன்.

கார்த்திக் போனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“ஆன்ட்டி... புது ரவுட்டரா? ஒயரை எதுல மாட்டினீங்க?”

“மஞ்சள்ல.”

“நீலத்துல ஒண்ணு இருந்திருக்குமே?”

“இருந்துது. அதுக்கென்ன இப்போ?”

தலையில் கை வைத்துக்கொண்டான். “உள்ள வர்ற ஒயர் நீலத்துல மாட்டணும் ஆன்ட்டி. பில்டிங்ல ஒரு பெட்டிதான் எல்லாருக்கும் வழி சொல்லணும். மஞ்சள்ல மாட்டினதும் உங்க ரவுட்டரும் சேர்ந்து வழி சொல்ல ஆரம்பிச்சிடுச்சு. கீழ ஒவ்வொரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்றப்பவும் எல்லாரும் வழி கேட்டு நேரா உங்க வீட்டுக்கு வராங்க. அங்க நெட்டே கிடையாது. ஒரே அசோசியேஷன்ல ரெண்டு செகரெட்டரி இருந்தா எப்படி இருக்கும்? அப்படி.”

“நான் இருக்கறச்சே இன்னொருத்தர் எதுக்குப்பா?” என்றார் மாமா பதறிப்போய்.

ஆக, யாரும் என் வைஃபைக்குள் நுழையவில்லை. நான்தான் கட்டடத்தையே இழுத்து வந்து வாசலில்லாத அறையில் அடைத்து வைத்திருக்கிறேன். வெளியே ‘தொடாதே’ என்று போர்டு வேறு.

ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். ரவுட்டரே கூட வந்து தரையில் விழுந்தது. விழட்டும்.

மூச்சிரைக்க மேலே வந்தால் கார்த்திக் சொல்கிறான், “எல்லாம் பழையபடி செட்டிலாகப் பத்து நிமிஷம் ஆகும் ஆன்ட்டி. அதுவும் கீழ யாரும் பெட்டியத் தொடாம இருந்தா.”

திரும்பிப் பார்த்தோம். மாமாவைக் காணோம். கீழே ‘டிக்’ என்று சுவிட்ச் சத்தம் கேட்டது.

இந்த மனிதரை என்ன செய்வது, சொல்லுங்கள்?

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். மெழுகுவத்தியை மடியில் வைத்துவிட்டார். வைத்த விதத்தைப் பார்த்தபோது... என்னை இரண்டு அறை அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அப்போதுதான் குமாரி இஸ்திரித் துணியோடு வந்தாள். “இன்னாக்கா, நெட்டு பூட்ச்சா? இன்னாத்துக்கு அல்லாரும் எழவு வூடு மாதிரி நின்னுகினு கீறீங்க?”

விஷயத்தைச் சொன்னேன். துணி மூட்டையை சோபாவில் போட்டாள்.

“இத்த முன்னாடியே சொல்ல மாட்டீங்களா? மொட்ட மாடில டவரு சூப்பரா கீது. டீச்சர சேரோட தூக்கினு போய்க்கலாம்.”

“ஐயோ, வேணாம்! விழுந்தா நேரா செமெட்டரிதான்” என்றார் டீச்சர்.

“தெனைக்கும் நெருப்பு வச்ச பொட்டிய தூக்குற கை டீச்சர் இது. நீ இன்னா அத்தவிட கனமா?” குமாரி ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தாள். “...கனம்தான். பரவால்ல. கெட்டியா புட்சிக்கோ.”

ஒரு பக்கம் குமாரி, ஒரு பக்கம் கார்த்திக். ஓடி வந்த மாமா முன்னால் நின்று பின்பக்கமாகவே படி ஏறினார். “லெஃப்ட்... லெஃப்ட்... கைப்பிடி இடிக்கும்... ஏம்மா மாலா, அந்தக் காலைப் பிடி!” மாவுக்கட்டைத் தாங்கிக்கொண்டு நான். என் கக்கத்தில், வெயிலுக்காக எடுத்துக்கொண்ட டீச்சரின் குடை. டீச்சர் ஒரு கையில் மெழுகுவத்தி, ஒரு கையில் போன், வாயில் மாதா ஜெபம். தேர் மாதிரிதான் ஏறினோம். வழியில் கதவைத் திறந்து பார்த்தவர்களெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

மாடியில் வெயில் இன்னும் சாயவில்லை. கொடியில் யார் வீட்டுப் போர்வையோ. தண்ணீர்த் தொட்டி நிழலில் சேரை இறக்கி, நிழல் போதாமல் நான் குடையைப் பிடித்தேன். போனில் சிக்னல் முழுசாக நின்றது. அருளுக்கு வீடியோ கால் போயிற்று.

“அக்கா! எங்க போய்ட்ட? ஃபாதர் உனக்காகத்தான் நிக்கறார்!”

அருளின் முகம். அப்புறம் வெள்ளைத் துணிக்குள் ஒரு குட்டி முகம். கண் மூடியிருந்தது. கூட்டம் அப்படியே போன் மேல் சாய்ந்தது.

ஃபாதர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

“இன்னா கேக்குறாரு சாமியாரு?” என்றாள் குமாரி.

“சாத்தானை விட்டு விலகறீங்களான்னு” என்றான் கார்த்திக்.

“வுட்டுட்டேன்னு சொல்லு டீச்சர்!”

டீச்சர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஃபாதர் காத்திருக்கிறார். இங்கே எல்லாரும் காத்திருக்கிறோம். நல்லவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார்கள். எனக்கு அதெல்லாம் வராது.

“டீச்சர்! அழறதுக்கு அப்புறம் டயம் இருக்கு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க!”

“ஐ டூ!”

கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல். தொட்டி மேலிருந்த புறாக்கள் பறந்துவிட்டன. இங்கிலாந்தில் குழந்தை கண்ணைத் திறந்தது. ஃபாதர் சிரித்துவிட்டார். அடுத்த கேள்விக்கு டீச்சரோடு சேர்ந்து மாடியே “ஐ டூ” என்றது. மாமாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. எதை விட்டாரோ தெரியாது, அந்தச் சுவிட்சை விட்டிருந்தால் புண்ணியம்.

மெழுகுவத்தி ஏற்ற வேண்டிய நேரம் வந்தது. கடற்காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினோம், மறுபடி அணைந்தது. குமாரி இரண்டு கையையும் குவித்துச் சுடருக்கு வெகு கிட்டே பிடித்தாள். சூடு பழகிய கை. அப்புறம் அணையவில்லை.

எல்லாம் முடிந்து போனை வைத்த பிறகு டீச்சர் சொன்னார், “ஃப்ரிட்ஜ்ல ஒரு கேக் இருக்கு. பெருசா வாங்கிட்டேன். நான் ஒருத்தியா எப்படித் தின்னு முடிப்பேன்னு காலையிலேர்ந்து பார்த்துட்டிருந்தேன்.”

மாடியிலேயே வெட்டினோம். நெட் எப்போதோ வந்துவிட்டது. யாரும் கீழே இறங்கவில்லை. எத்தனையோ வருஷமாக ஒரே ஒயரில் தொங்கிக்கொண்டிருக்கிறோம். யார் வீட்டில் எந்த டி.வி. என்று என் ரவுட்டருக்குத் தெரிந்துவிட்டது. யார் வீட்டில் இன்றைக்குப் பட்டுப் புடவை என்று எனக்குத் தெரியவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்காதீர்கள். எனக்கு வராது. இரண்டு துண்டு கேக் சாப்பிட்டேன். டீச்சருக்குப் புரியும்.

சாயங்காலமே கார்த்திக் வந்து ஒயரை நீலத்தில் மாட்டிவிட்டான். விழுந்தும் உடையாத ரவுட்டர். படுக்கையறையில் இப்போது நெட் பறக்கிறது.

மறுநாள் குமாரி துணி கொடுக்க வந்தாள். ரவுட்டரை ஒரு முறை முறைத்துப் பார்த்தாள்.

“யக்கா, அடுத்த தபா டீச்சர் வூட்ல விசேஷம்னா... ஒயர மஞ்சாலயே மாட்டு.”