அன்ரன் அண்ணைக்கு இருட்டாக் கேட்ட பெட்டி

கிற்றார் அம்பிளிஃபயர் செய்யிற தொழிலிலை ஈயப் புகையைவிடக் கனக்க உள்ளுக்கை போறது ஆக்கள் சொல்லுற குறைதான். கையாலை ஒரு சாமானைச் செய்து வித்துப் பாத்த எல்லாருக்கும் இந்த வயித்தெரிச்சல் விளங்கும்.

நான் தெல்லிப்பழையிலை இருக்கிறன். கண்ணாடி வால்வு போட்டு, ஒவ்வொரு வயரா ஈயத்தாலை ஒட்டி, பலகையிலை பெட்டியும் நானே அடிக்கிறன். இந்தச் சாமானிலை பெரிய குடும்பங்கள் ரெண்டு. அமெரிக்கன் வழிப் பெட்டி தெளிவாப் பாடும், அடியிலை ஆழமும் இருக்கும். இங்கிலாந்து வழிப் பெட்டிக்கு நடுக்குரல் தடிப்பு, சத்தத்தைக் கூட்டினாக் கரகரக்கும். நான் ரெண்டையும் கலந்து, கோயில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுற பழைய செற்றுகளின்ரை ரான்ஸ்போமரையும் போடுறன். அதாலை என்ரை பெட்டியள் கொஞ்சம்போலை மூக்காலை கதைக்கும். அதுதான் அதின்ரை வடிவு.

உறைப்புக் காணாது

அன்ரன் அண்ணை குருநகர் ஆள். கடற்தொழிலை விட்டிட்டார், இடுப்பு விடேல்லை. மாதா கோயில் ஞாயிறுப் பூசைக்குப் பாட்டுக்குழுவிலை கிற்றார் வாசிக்கிறதுதான் மனிசனுக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோசம். என்ரை பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைச்சுக்கொண்டு போனவர், ஒருநாள் ஓட்டோவிலை திருப்பிக் கொண்டந்து இறக்கினார். சத்தம் இருட்டாப் போச்சாம், மேல்சுரம் மங்கிப்போச்சாம்.

நான் சோதிச்சன். பெட்டியிலை ஒரு பிழையும் இல்லை. எண்டாலும் வாங்கின ஆள் சொன்னாச் செய்யத்தானே வேணும்? கொண்டென்சர் ரெண்டை மாத்தி ட்ரெபிளை, அதான் மேல்சுரத்தை, திறந்து விட்டன். அண்ணை கதிரையிலை இருந்து கொஞ்சநேரம் வாசிச்சார். முகம் தெளியேல்லை.

"குழம்பு நல்லம் தம்பி, உறைப்புத்தான் காணாது."

அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவிலை

பேந்து திரும்பவும் வந்தார். நான் நடுக்குரலைக் குறைச்சு, முழுக்க அமெரிக்கன் வழிக்கு வயரிங்கை மாத்தினன். பிறகு வால்வை மாத்தினன். பிறகு ஸ்பீக்கரை மாத்தினன். அட கோதாரி, உந்த மனிசனுக்கு என்னதான் வேணும் எண்டு எனக்கு விசர் வந்தது. கோயில் திருநாள் கிட்டுது, பாட்டுக்குழுவை நடத்துற ரீச்சர் இந்த முறை கீபோர்ட் மட்டும் காணுமெண்டு யோசிக்கிறா, பெட்டி சரிவராட்டித் தன்னை நிப்பாட்டிப் போடுவினம் எண்டு மனிசன் பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு சொன்னார். அதுக்குப் பிறகு எப்பிடி ஏசுறது?

கடைசியா ஒருக்கா மேல்சுரத்தை முழுக்க ஏத்தி விட்டன். அவர் கம்பியைத் தட்ட எனக்குப் பல்லுக் கூசினது. காதுக்கை பஞ்சு வைச்சுக்கொண்டுதான் நிண்டன். அவர் கண்ணை மூடிச் சிரிச்சார்.

"ஆ, இப்பதான் கொஞ்சம் விடியுது."

சட்டைப்பையிலை அடிச்ச ஃபோன்

கோயில் ஒத்திகைக்கு நானும் போனன். அன்ரன் அண்ணை கிற்றாரிலை முதல் கோட் பிடிச்சுத் தட்டின உடனை பாட்டுப் பிள்ளையள் காதைப் பொத்தினதுகள். ட்ரெபிளைக் குறைக்கச் சொல்லி ரீச்சர் கெஞ்சினா. குறைச்சாச் சுரமே கேக்காது எண்டு அண்ணை அடம்பிடிச்சார். அந்த நேரம் அவற்றை சட்டைப்பையிலை ஃபோன் கீச்செண்டு அடிச்சுது. எல்லாரும் திரும்பிப் பாத்தினம், அவர் கம்பியைத்தான் முறுக்கிக்கொண்டிருந்தார்.

அப்பதான் எனக்கு விளங்கினது. இவ்வளவு நாளும் நான் திருத்தினது பிழையில்லாத பெட்டியை. வெளியிலை தேத்தண்ணி கொண்டந்த அவற்றை மனிசி மேரி அக்காவைத் தனியக் கூப்பிட்டுக் கேட்டன். அக்கா திகைக்கேல்லை. காலமெல்லாம் போட் எஞ்சினுக்குப் பக்கத்திலை இருந்த காது, கீச்சுச் சத்தம் பிடிபடாது எண்டு தனக்கு எப்பவோ தெரியும் எண்டா.

"பெட்டியிலைதான் பிழையெண்டு அவர் நம்பிக்கொண்டிருக்கட்டும் தம்பி. உன்னைக் கும்பிட்டன், சொல்லிப்போடாதை."

முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு

பெட்டிக்கு ரெண்டு குரல் வைச்சன். பின்பக்கம் சின்ன ஸ்பீக்கர், அவரைப் பாத்து, உள்ள ட்ரெபிள் முழுக்க அவருக்கு மட்டும். முன்பக்கம் பெரிய ஸ்பீக்கர், சனத்தைப் பாத்து, பழையபடி பதமா. உதுதான் இப்ப வெளிநாட்டிலை புதுசு எண்டு கூசாமல் புளுகினன். திருநாள் பூசையிலை அந்த மனிசன் வாசிச்ச வாசிப்பு! ரீச்சரே தலையாட்டினா. மேரி அக்கா கோயில் வாங்குப் பலகையிலை இருந்து அழுதா, நானும்தான்.

பூசை முடிஞ்சு சனம் கலையேக்கை, அண்ணைக்குச் சந்தோசம் தாங்கேல்லை. கிற்றாரை ரீச்சரின்ரை கையிலை குடுத்து, சனத்துக்கு எப்பிடிக் கேட்டதெண்டு தானும் ஒருக்காக் கேக்க வேணுமெண்டு முன்னுக்கு வந்தார். நான் மறிச்சன், கேட்டால்தானே? ரீச்சர் வாசிச்சா. "ஒவ்வொரு கம்பியும் மணிமணியாக் கேக்குது அண்ணை" எண்டா. பக்கத்திலை நிண்டவையும் ஓமெண்டு தலையாட்டினவை.

அன்ரன் அண்ணை ரீச்சரின்ரை விரலைப் பாத்தார். ஸ்பீக்கரைப் பாத்தார். குனிஞ்சு அதிலை காதை வைச்சார், அவருக்கு அது அதே பழைய இருட்டு. பேந்து மேரி அக்காவின்ரை முகத்தைப் பாத்தார், அக்கா தலையைக் குனிஞ்சிட்டா. பெட்டிக்குப் பக்கத்திலை நிலத்திலை இருந்து, அதின்ரை முதுகைத் தடவினார்.

"பெட்டியை அநியாயமாப் பேசிப்போட்டன் தம்பி, பாவம் அது."

அமெரிக்கன் குரல், இங்கிலாந்துக் குரல் எண்டு வால்வு வால்வா ஆராய்ஞ்ச என்னை மாதிரி ஆக்களுக்கு, வயரிங்கின்ரை கடைசிப் பாகம் மனிசன்ரை காது எண்டதும், அதுக்கு மாத்துச் சாமான் ஒரு கடையிலையும் இல்லை எண்டதும் விளங்க, ஒரு நல்ல கிற்றார்காரனை நிலத்திலை இருத்த வேண்டிக் கிடந்தது.